தராசு யுஎஸ்பியில் தெரியவில்லை: உபுண்டு 22.04, காரைக்குடி பலகாரக் கடை

கேள்வி: 28.9.2022, மாலை 6.10

அண்ணே, காரைக்குடியில் வீட்டு முகப்பிலேயே பலகாரக் கடை வைத்திருக்கிறோம். அம்மாதான் எல்லாம். பில் போடும் கணினியில் மூன்று வருடமாக உபுண்டு லினக்ஸ். போன வாரம் 22.04க்கு மாற்றினேன். அன்றிலிருந்து எலக்ட்ரானிக் தராசு தெரியவே மாட்டேன் என்கிறது. தராசின் ஒன்பது முள் செருகியிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் போட்டிருக்கிறோம். அதில் விளக்கு எரிகிறது, ஆனால் பில் மென்பொருள் ‘போர்ட் இல்லை’ என்கிறது. தீபாவளிக்கு நாலு வாரம்கூட இல்லை. லினக்ஸ் கடைக்கு லாயக்கில்லை, விண்டோஸ் போட்டுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். போட்டுவிடட்டுமா?

28.9.2022, இரவு 8.40

போடாதீர்கள் தம்பி. இன்று ராத்திரி எதையும் மாற்ற வேண்டாம். மூன்று வருடம் ஓடிய தராசு ஒரே வாரத்தில் லினக்ஸுக்கு ஆகாததாகிவிடாது.

விளக்கு எரிவதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. யுஎஸ்பி கேபிளுக்குள் நாலு கம்பி. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விளக்கு எரிய முதல் இரண்டு போதும். கணினி சாதனத்தை அடையாளம் காண மற்ற இரண்டும் வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் கணக்குப் பேரேடுகளை ஸ்கேன் செய்யப் போயிருந்தேன். கைக்கு அடக்கமான ஸ்கேனர், அதற்கு வந்த கேபிளை மறந்துவிட்டு அந்த வீட்டிலிருந்த போன் கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு பகல் முழுக்க டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தேடினேன், லினக்ஸின் மையமான கெர்னலை மாற்றிப் பார்த்தேன். சாயங்காலம் அடுத்த வீட்டுப் பிள்ளை வேறு கேபிள் கொண்டுவந்து செருகினான், அந்த நொடியே வந்துவிட்டது. முதல் கேபிள் சார்ஜ் போட மட்டும் செய்தது, உள்ளே தகவல் கம்பியே கிடையாது. அன்றிலிருந்து கேபிளை மாற்றிப் பார்க்காமல் நான் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறப்பதில்லை.

உங்களுக்கு வேறு கேபிள் இல்லையென்றால் நேராக அடுத்ததற்குப் போவோம். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதுகிறேன், போனில் அம்மாவுக்குப் படித்துக்காட்டவும் வசதி.

தராசு வயரை உருவிவிட்டு டெர்மினலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’. யுஎஸ்பியில் என்னென்ன இருக்கிறது என்று வரும் பட்டியலைப் படம் எடுங்கள். வயரைச் செருகி மறுபடி அதே கட்டளை. இரண்டாவது படத்தில் ஒரு வரி கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூடியிருந்தால் கேபிள், போர்ட், மின்சாரம் மூன்றும் சரி, கோளாறு மென்பொருளில். கூடவில்லையென்றால் மென்பொருள் பக்கமே போக வேண்டாம், கோளாறு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

அப்புறம் ‘சூடோ டிமெசேஜ் -டபிள்யூ’. அதை ஓடவிட்டு வயரை உருவிச் செருகுங்கள். கெர்னல் என்ன பார்க்கிறதோ அதை நேரத்தோடு அப்படியே எழுதும். கடைசி 20 வரிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். சுருக்கிச் சொல்ல வேண்டாம், வரி வரியாக வேண்டும்.

29.9.2022, காலை 7.15

படம் தெளிவாக இருக்கிறது. நல்லவேளை, நான் கேட்டபடியே எடுத்திருக்கிறீர்கள்.

பட்டியலில் ‘1ஏ86:7523’ என்ற எண் வந்திருக்கிறது. அது சிஎச்340 என்ற சிப். விலை குறைந்த சீரியல் கேபிள்களில் பாதிக்கு மேல் இதுதான் உட்கார்ந்திருக்கும் என்பது என் அனுபவம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இதற்கு டிரைவர் இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டியதில்லை. டிமெசேஜ் வரிகளில் அதுதான் தெரிகிறது: கெர்னல் சாதனத்தைப் பார்த்தது, டிரைவரைச் சேர்த்தது, ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்று பெயரும் வைத்தது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

அடுத்த வரிதான் விஷயம். பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை வந்து அந்தச் சாதனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அதற்கடுத்த வரியில் ‘டிடிஒய்யுஎஸ்பி0’ துண்டிக்கப்பட்டது என்று கெர்னல் எழுதுகிறது. உங்கள் பில் மென்பொருள் வந்து தேடும்போது போர்ட் போய்விட்டது. தராசு தெரியவில்லை என்பதே தவறு. தெரிந்தது, வேறொருவர் கையில் போனது.

‘சூடோ ஏபிடி ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்’ என்று அடித்து அதை நீக்கிவிடுங்கள். வயரை உருவிச் செருகுங்கள்.

29.9.2022, இரவு 9.50

இப்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறதா? அது முன்னேற்றம். போர்ட் இருக்கிறது, உங்கள் பயனர் கணக்குக்கு அதைத் திறக்க உரிமை இல்லை, அவ்வளவுதான். சீரியல் போர்ட்கள் ‘டயல்அவுட்’ என்ற குழுவுக்குச் சொந்தம். தொலைபேசி மோடத்தைச் சுழற்றி இணையத்துக்குப் போன காலத்துப் பெயர், இன்றும் அப்படியே நிற்கிறது. மேம்படுத்தும்போது புதிதாகப் பயனர் கணக்கு தொடங்கியதாகச் சொன்னீர்கள், அந்தக் கணக்கு அந்தக் குழுவில் இல்லை. ‘சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்’ போட்டு உங்கள் பயனர் பெயரைச் சேருங்கள். ‘ஏ’ எழுத்தை விட்டுவிடாதீர்கள், விட்டால் மற்ற குழுக்களிலிருந்து உங்களை வெளியே தள்ளிவிடும். சேர்த்தபின் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைய வேண்டும், இல்லையென்றால் பலிக்காது.

30.9.2022

தராசு பேசுகிறது என்று செய்தி வந்தது. மகிழ்ச்சி.

2.10.2022, பிற்பகல் 3.00

29ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போகக் கூடாது.

காரைக்குடியில் முதுகலை படிக்கும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குக் கண் பார்வை இல்லை. கணினியை பிரெயில் பலகை வைத்துத்தான் படிக்கிறார். நான் நீக்கச் சொன்ன பிஆர்எல்டிடிஒய் சேவைதான் திரையில் இருப்பதை அந்தப் பலகையின் புள்ளிகளாக மாற்றித் தருகிறது. அவர் எழுதியது: ‘ஒரு பொதுக் கணினியில் யாரோ இந்தக் கட்டளையைப் பார்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலை நான் வந்து உட்கார்ந்தபோது என் பலகையில் ஒரு புள்ளிகூட எழவில்லை. அன்று முழுக்க என் கணினி எனக்கு இருட்டு. நீக்குங்கள் என்று எழுதுகிறவர்கள் அது என்ன என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா?’

எழுதியிருக்க வேண்டும். அது என்ன சேவை என்று எனக்குத் தெரியும், தெரிந்தே அவசரத்தில் விட்டேன். ஒரு கடைக்குச் சொன்னது அந்தக் கடையோடு நிற்காது, நாளைக்கு யாராவது இதை எடுத்து அடிப்பார்கள். ஆகவே முழுதாகச் சொல்கிறேன்.

இந்தச் சேவை ஏன் தராசைப் பிடிக்கிறது? யுஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றும் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரித்தவர் எண், பொருள் எண். சிஎச்340 சிப்பை வாங்கிப் போடுகிறவர்கள் பலரும் சொந்த எண் வாங்குவதில்லை, சிப்பில் இருக்கும் 1ஏ86:7523 என்ற எண்ணையே விட்டுவிடுகிறார்கள். தராசுக் கேபிளுக்கும் அதே எண், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் நகல்களுக்கும் அதே எண், ஒரு பிரெயில் கருவிக்கும் அதே எண். நம் ஊர் வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதவிலக்கம், உள்ளே ஏழெட்டுப் பங்காளிகள், ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிச் சமையல். பெயர் இல்லாமல் கதவிலக்கம் மட்டும் எழுதி ஒரு மணியார்டர் வந்தால் முகப்பில் யார் நிற்கிறாரோ அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கும் அந்த முகவரியில் பணம் வர வேண்டியிருந்தது.

பிஆர்எல்டிடிஒய் சேவையின் விதிக் கோப்பில் அந்த எண்ணுக்கு ஒரே ஒரு வரி இருக்கிறது. சேவையை நீக்கவே வேண்டாம், அந்த வரியை மட்டும் அணைத்தால் போதும்.

‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் ‘லிப்’, அதற்குள் ‘யுடெவ்’, அதற்குள் ‘ரூல்ஸ்.டி’. அங்கே 85 என்று தொடங்கி பிஆர்எல்டிடிஒய் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதை அங்கேயே திருத்தாதீர்கள், அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும். ‘ஈடிசி’ அடைவுக்குள் ‘யுடெவ்’, ‘ரூல்ஸ்.டி’ என்று இன்னொரு இடம் உண்டு. கோப்பை அதே பெயரில் அங்கே நகல் எடுங்கள். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால், செருகும் சாதனங்களுக்கான விதிகளைப் படிக்கும் யுடெவ் சேவை ‘ஈடிசி’யில் இருப்பதைத்தான் படிக்கும். நகலில் 1ஏ86/7523 உள்ள வரியைத் தேடி அதன் தொடக்கத்தில் # குறி போடுங்கள். சேமித்து, ‘சூடோ யுடெவ்ஏடிஎம் கண்ட்ரோல் --ரீலோட்’. வயரை உருவிச் செருகினால் தராசு தராசாகவே நிற்கும், மற்ற பிரெயில் கருவிகள் எல்லாம் எப்போதும்போல வேலை செய்யும். 10சி4:ஈஏ60 என்ற எண்ணோடு வரும் சிபி2102 கேபிள்காரர்களுக்கும் இதே வழிதான், எண் மட்டும் வேறு.

தம்பி, நீங்கள் நீக்கியதைத் திருப்பி நிறுவி, இந்த வழியில் செய்துவிடுங்கள். உங்கள் கணினியில் இன்று அதற்குத் தேவை இல்லையென்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்யுங்கள்.

6.10.2022, இரவு 10.20

ஆயுத பூஜை முடிந்த மறுநாளே தராசு மறுபடி காணோம். இந்த முறை எல்எஸ்யுஎஸ்பி பட்டியலிலேயே வரவில்லை. டிமெசேஜில் ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71’ என்று நாலு முறை, கடைசியில் ‘யுஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை’.

இது பழைய கோளாறு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, வயரைச் செருகியதும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தகவல் கம்பிகளில் ஒன்றைச் சாதனம் 1.5 கிலோ ஓம் மின்தடை வழியே மேலே இழுக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினி அறிவது அதனால்தான். உடனே ‘நீ யார்?’ என்று கேட்கிறது. சாதனம் 18 பைட்டில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த 18 பைட் சிதையாமல் வந்தால்தான் எண் தெரியும், எண் தெரிந்தால்தான் டிரைவர், டிரைவர் வந்தால்தான் போர்ட். -71 என்றால் பேச்சு பாதியில் சிதைந்தது என்று பொருள். -110 என்றால் பதிலே வராமல் நேரம் கடந்தது. இரண்டுக்கும் மென்பொருளை மாற்றிப் பயனில்லை.

நாளைக்கு தேவகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன்.

7.10.2022, மாலை 5.30

போய் வந்தேன். கணினிக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கணினியின் முன்பக்கம் யுஎஸ்பி போர்ட்டுக்குச் சரியாக மேலே ஒரு பெரிய சந்தனப் பொட்டு. ஈரத்தில் வழிந்து, போர்ட்டுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நாலு தங்க நிறத் தகடுகளில் நடு இரண்டும் மூடிக் கிடக்கின்றன, அதன் மேல் அரிசி மாவு வேறு படிந்து உறைந்திருக்கிறது. ஓரத்து இரண்டும் மட்டும் பளிச்சென்று இருந்தன. ஓரத்து இரண்டும் மின்சாரம், நடு இரண்டும் தகவல். ஆகவே விளக்கு எரிந்தது, ஆள் தெரியவில்லை. யுஎஸ்பி செருகியில் மின்சாரத் தகடுகள் நீளமாகவும் தகவல் தகடுகள் குட்டையாகவும் வைத்திருப்பார்கள், செருகும்போது மின்சாரம் முந்தித் தொட வேண்டும் என்பதற்காக. அதனால் அரைகுறையாகத் தொடும் போர்ட்டிலும் விளக்கு எரியும்.

கணினியை அணைத்து, மின்வயரையும் உருவி, மரக் குச்சி நுனியில் துணி சுற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தேன். நாலு முறை துடைத்தபின் துணியில் மஞ்சள் வரவில்லை. செருகினேன். வந்தது.

தம்பியின் அம்மாவை நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். ஆச்சி எனக்குச் சாப்பாடு போட்டார். ‘அடுத்த வருஷம் பொட்டைப் பக்கவாட்டில் வைக்கிறேன் தம்பி’ என்றார். பக்கவாட்டில் காற்று போகும் துளைகள் இருக்கின்றன ஆச்சி, மேலேயே வையுங்கள், சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகக் குழையுங்கள் என்றேன்.

8.10.2022

திரும்பவும் விட்டுவிட்டு வருகிறதா. ஒருவேளை மின்சேமிப்பாக இருக்கலாம். கொஞ்ச நேரம் வேலையில்லாத யுஎஸ்பி சாதனத்தை லினக்ஸ் உறங்கவைக்கும், இயல்பான காத்திருப்பு 2 நொடி. துவக்க வரியில் ‘யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1’ சேர்த்துப் பாருங்கள்.

9.10.2022, இரவு 9.00

ஆட்டோசஸ்பெண்ட் வரியை எடுத்துவிடுங்கள், அது ஊகமாகச் சொன்னது, பதிவைப் பார்க்காமல் சொன்னது. இன்று நீங்கள் அனுப்பிய முழு நாள் பதிவைப் படித்தேன். ஏழு இடத்தில் ஒரே வரி:

‘டிஸேபிள்ட் பை ஹப் (ஈஎம்ஐ?), ரீ-எனேப்ளிங்’.

பல வருடமாக இந்த வேலை செய்கிறேன், இந்த வரியைக் கண்ணால் பார்த்தது இரண்டாவது முறை. ஹப் என்றால் யுஎஸ்பி போர்ட்களைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி, ஈஎம்ஐ என்றால் மின்காந்தக் குறுக்கீடு. ‘போர்ட்டை ஹப் தானாக அணைத்துவிட்டது, பக்கத்தில் எங்கோ மின் இரைச்சல் இருக்குமோ?’ என்று கெர்னலே கேள்விக்குறி போட்டுக் கேட்கிறது. எழுதிய நிரலாளர் தனக்கு உறுதியாகத் தெரியாததை உறுதிபோல எழுதாமல் அந்தக் குறியைப் போட்டாரே, அதற்காகவே எனக்கு இந்த வரியைப் பிடிக்கும்.

இப்போது வீட்டு அமைப்பை நினைவுபடுத்திக்கொண்டேன். கணினி முகப்பில். தராசு இரண்டாம் கட்டில், பலகாரம் பொட்டலம் போடும் இடத்தில். நடுவில் வளவு முற்றம். அந்தத் தூரத்துக்கு 3 மீட்டர் கேபிளோடு 5 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைச் சேர்த்து, தூண்களை ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறீர்கள். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு உச்ச நீளமே 5 மீட்டர்தான். உங்களுடையது 8. நேரில் வந்தபோது சந்தனத்தைப் பார்த்த நான் கேபிளைத் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. ஒரு கோளாறு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

என் கணிப்பு: இரண்டாம் கட்டில் ஓடும் பெரிய கிரைண்டர். அது ஓடும் நேரத்தையும் தராசு விழும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

11.10.2022, காலை 8.30

ஆச்சியே போனில் பேசினார். ‘கிரைண்டர் ஓடுறப்ப ஒண்ணும் ஆகலை தம்பி. மிக்ஸியில பொட்டுக்கடலை அரைக்கிறப்பதான் போகுது. நேத்து மூணு தடவை பார்த்தேன்.’

அவர் சொன்னதுதான் சரி, என் கணிப்பு தவறு. கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மாவரைக்கும் கிரைண்டரில் பொதுவாக இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதில் உரசும் பாகம் கிடையாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் உரசிச் சுழலும் மோட்டார். மிக்ஸியின் அடிப்பக்கத் துளை வழியே இருட்டில் பார்த்தால் நீலப் பொறி தெறிப்பது தெரியும். ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன ரேடியோ ஒலிபரப்பு. பழைய வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் மிக்ஸி போட்டால் பாட்டு கரகரக்கும், அதே சங்கதி. எட்டு மீட்டர் கேபிள் அதற்கு நல்ல ஏரியல். மிக்ஸி இருப்பது கேபிள் போகும் தூணிலிருந்து ஒரு முழத்தில்.

அடுப்படியில் நிற்கிறவருக்குத்தான் எது எப்போது ஓடுகிறது என்று தெரியும். 9ஆம் தேதியே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

13.10.2022

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். கணினி செருகியிருக்கும் பிளக்கில் மூன்று துளை இருந்தும் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பழைய வீடுகளில் வயரிங்கை அங்கங்கே நீட்டும்போது இரண்டு கம்பியை மட்டும் இழுத்திருப்பார்கள், நான் அடிக்கடி பார்ப்பது. கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்று ஒரு கூச்சம் இருக்கிறது என்று ஆச்சி அன்றே சொன்னார். அது யுஎஸ்பியைவிடப் பெரிய விஷயம், அந்த வேலையை முதலில் முடியுங்கள். ஈரக் கையோடு யாரும் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

எர்த் போட்டபின் செய்ய வேண்டியது: கணினியை இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றால், யுஎஸ்பியைக் குட்டையாக வைத்துக்கொண்டு தராசுப் பக்கத்து வயரை நீட்டுங்கள். தராசின் ஒன்பது முள் செருகியிலிருந்து வரும் ஆர்எஸ்-232 சமிக்ஞை நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அந்தத் தூரத்தை அலட்சியமாகக் கடக்கும், அது யுஎஸ்பியைவிடப் பல வோல்ட் அதிகமாகப் பேசுகிறது. மாற்றும் கேபிள் கணினிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நல்ல ஷீல்டு உள்ள வயராக வாங்கி, மிக்ஸிக்கு எதிர்ப்பக்கத் தூண் வழியாக இழுங்கள்.

16.10.2022, பிற்பகல்

மூன்று நாளாக ஒருமுறைகூட விழவில்லை. மிக்ஸி ஓட ஓட எடை போட்டுப் பார்த்ததாகச் சொன்னீர்கள். சரி.

இடையில் இரண்டு பேர் கேட்டதற்கு: பள்ளத்தூர்க்காரர், உங்கள் போன் சார்ஜ் ஆகிறது, கோப்புகள் தெரியவில்லை என்றால் போனின் அறிவிப்பைக் கீழே இழுத்து ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தொடுங்கள், அவ்வளவுதான். கல்யாண வீடியோ உள்ள ஹார்டு டிஸ்க் நகலெடுக்கும்போது பாதியில் போகிறது என்றவர், முதலில் அதைப் பின்பக்க நீல போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 தரும். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் ஒன்றும் பரிசோதிக்க வேண்டாம், உருவி வைத்துவிடுங்கள். அந்த வீடியோ திரும்ப எடுக்க முடியாதது.

இன்னொருவர் ‘புதிய வன்பொருள் என்றால் லினக்ஸ் எப்போதுமே பின்னால்தான்’ என்று எழுதியிருந்தார். எப்போதுமே இல்லை. யுஎஸ்பி 3.0க்கு முதலில் ஆதரவு தந்த இயங்குதளமே லினக்ஸ்தான். 2009இல் வந்த 2.6.31 கெர்னலில் அந்த டிரைவர் இருந்தது, எழுதியவர் சேஜ் ஷார்ப். தராசு செருகும்போதெல்லாம் டிமெசேஜில் ‘எக்ஸ்எச்சிஐ’ என்று ஒரு சொல் வருகிறதே, அது அவர் தொடங்கிய வேலை.

18.10.2022, இரவு 11.10

இன்று காலை வந்தது புதுக் கோளாறு இல்லை. மின்சாரம் போய் வந்தபோது தராசு ‘டிடிஒய்யுஎஸ்பி0’க்குப் பதில் ‘டிடிஒய்யுஎஸ்பி1’ என்று வந்துவிட்டது. கணினி யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, பில் மென்பொருள் பழைய 0வைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் பிடித்திருக்கும் பெயரைக் கெர்னல் அடுத்தவருக்குக் கொடுக்காது, ஆகவே 1.

பெயரை நிலையாக்கிவிடுவோம். பல சாதனங்களுக்கு அவற்றின் தொடர் எண்ணை வைத்துப் பெயர் கொடுக்கலாம், ஆனால் சிஎச்340 கேபிள்களில் பெரும்பாலும் தொடர் எண் இருக்காது. ஆகவே எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர். ‘டெவ்’ அடைவுக்குள் ‘சீரியல்’, அதற்குள் ‘பை-பாத்’ என்று இருக்கும். அங்கே தராசுக்கு ஒரு நீளமான பெயர் தெரியும். பில் மென்பொருளின் அமைப்பில் 0வை எடுத்துவிட்டு அந்த நீளப் பெயரைப் போடுங்கள். ஒரே நிபந்தனை, தராசு எப்போதும் அதே துளையில் இருக்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ‘தராசு’ என்று எழுதிவிடுங்கள்.

23.10.2022, இரவு

நாளை தீபாவளி. காலை ஐந்து மணியிலிருந்து தராசு நிற்கவில்லையாம். மணகோலமும் தேன்குழலும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டன. எனக்கு ஒரு பொட்டலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது, ஆச்சிக்கு நன்றி.

13.11.2022

மேம்படுத்தல் வந்து பிஆர்எல்டிடிஒய் கோப்பு மாறியதா என்று கேட்டீர்கள். ‘யுஎஸ்ஆர்’ பக்கத்துக் கோப்பு எப்படி மாறினாலும் ‘ஈடிசி’யில் உள்ள நம் நகல்தான் செல்லும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், புதிதாக வந்த பிரெயில் கருவிகளின் வரிகள் நம் நகலில் இருக்காது, சேர்க்க வேண்டும்.

அந்த முதுகலை மாணவி நேற்று கடைக்கு வந்திருந்தார். நானும் அப்போது எர்த் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். தன் 20 கட்டப் பிரெயில் பலகையைப் பையிலிருந்து எடுத்து, தராசுக்குப் பக்கத்துத் துளையைக் கையால் தடவிப் பார்த்துச் செருகினார். டிமெசேஜில் இரண்டு சாதனமும் அடுத்தடுத்து வந்தன, ஒன்றை ஒன்று தொடவில்லை. பில் மென்பொருள் டெர்மினலில் ஓடுவதால் திரையின் வரி அப்படியே அவர் விரலுக்கு வந்தது. ஆச்சி தட்டில் சீப்புச் சீடையைக் கொட்டினார். மாணவி விரலை இடமிருந்து வலமாக ஓட்டி, ‘இருநூற்று அறுபத்திரண்டு கிராம்’ என்றார்.

ஆச்சி குனிந்து தராசின் சிவப்பு எண்ணைப் பார்த்தார். 262.